வேப் கருவியில் (மின்சிகரெட்டில்) கருகல் சுவை வந்தால் எங்கே பார்ப்பது?

முதலில் இழுப்பதை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கருகின சுவை வந்ததும் "இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்தால் சரிவரும்" என்று பட்டனை அழுத்திப் பிடிக்கிறவர்கள்தான் அதிகம். சரிவராது. காப்பாற்றக்கூடியதாக இருந்த கொயில் (கருவிக்குள் சூடாகி ஆவியை உண்டாக்குகிற சின்னப் பகுதி) அந்த இரண்டு இழுப்பில்தான் முழுதாகக் கருகிப் போகிறது. நெஞ்சுக்குள் போவதும் நல்ல சாமான் அல்ல. பால் அடிப்பிடிக்கிற மணம் வந்தால் முதலில் அடுப்பைத்தானே அணைப்போம், பிறகுதானே அகப்பையைத் தேடுவோம்.

நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். பதினெட்டு வருடம் சிகரெட் குடித்தவன். லண்டனில் இருக்கிற மச்சான் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பொட் கருவியையும் (ஜூஸ் நிரப்புகிற சின்னக் கூட்டைக் கழற்றிப் பூட்டுகிற வகை வேப்) நாலு கொயிலையும் தந்துவிட்டுப் போனார். முதல் மூன்று கொயிலும் பத்து நாளுக்குள் கருகின. திரும்பவும் சிகரெட்டுக்கே போய்விடலாமா என்கிற அளவுக்கு வெறுத்துப் போனது. நாலாவதைப் போடும் முன் கருகின ஒன்றைக் குறட்டால் பிரித்து, உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தேன். அந்த நாலாவது பதினாறு நாள் ஓடியது. இப்போது ஓகஸ்ட் மாதம் வந்தால் வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் "இதைக் கொஞ்சம் பாருங்கோ" என்று என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். பிரித்தானியாவில் 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பாவித்து எறிகிற வேப்புகளின் விற்பனை தடை. அதனால் ஜூஸ் (ஆவியாக்கி இழுக்கிற திரவம்) ஊற்றி, கொயில் மாற்றிப் பாவிக்கிற கருவிகளோடு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். கொயில் மாற்றத் தெரிந்தவர்கள் அந்த அளவுக்குக் கூடவில்லை.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இது ஏற்கெனவே கருவி வைத்திருக்கிற பெரியவர்களுக்கான வழிகாட்டி. சிகரெட் பழக்கமே இல்லாத ஒருவர் இதைத் தொடங்கத் தேவையில்லை. நிக்கோட்டின் பிடித்துக்கொண்டால் இலேசில் விடாது. இலங்கையில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. புகையிலை அடங்கிய மின்சிகரெட்டுகள் 2016இல் வந்த ஒழுங்குவிதிகளால் தடைக்குள் வந்தன. ஆகவே எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு இங்கே பதில் இல்லை. கையில் இருப்பதைக் கருகாமல், ஆபத்தில்லாமல் பாவிப்பது எப்படி என்பது மட்டும்தான்.

உள்ளே நடப்பது

குத்துவிளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் இருக்கும்வரை திரி மெதுவாகத்தான் எரியும், ஏனென்றால் சுடரின் சூடு எண்ணெயோடு போகிறது. எண்ணெய் வற்றியதும் திரியே எரியத் தொடங்கும். அந்தக் கருகல் மணம் சாமியறையைத் தாண்டி வரும். வேப் கொயிலும் இதே கணக்குத்தான். ஒரு சின்ன உலோகக் கம்பி அல்லது வலை, அதைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சு முழுக்க ஜூஸ். கம்பி சூடாகும்போது ஜூஸ் ஆவியாகி அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஜூஸ் வந்துகொண்டிருக்கும்வரை பஞ்சு பிழைக்கும். வருவதற்குள் சூடு ஏறிவிட்டால் பஞ்சு கருகும்.

அவ்வளவுதான் விஷயம். ஜூஸ் வருகிற வேகம் ஒரு பக்கம், சூடு ஏறுகிற வேகம் மறுபக்கம். கருகல் சுவைக்கு நீங்கள் தேடப்போகிற காரணம் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றில் வந்து நிற்கும்.

ஜூஸில் இருப்பது பெரும்பாலும் புரொப்பிலீன் கிளைக்கோல், தாவரக் கிளிசரின் என்கிற இரண்டும். போத்தலில் பீஜீ, வீஜீ என்று போட்டிருப்பது இவைதான். பீஜீ மெல்லியது, சுமார் 188 பாகை செல்சியஸில் கொதிக்கும். வீஜீ பாணி மாதிரித் தடிப்பு, கொதிக்க 290 பாகை வேண்டும். கிளிசரின் ஈரமில்லாமல் அளவுக்கு மிஞ்சிச் சூடானால் அக்ரோலீன் என்ற பொருள் உண்டாகிறது. வடைச் சட்டியில் எண்ணெய் புகைந்தால் கண்ணும் தொண்டையும் எரியுமே, அந்த எரிச்சலைத் தருவதும் இதே அக்ரோலீன்தான். ஃபோர்மல்டிஹைட் என்ற நச்சுப் பொருளும் கூடவே வரும். அதனால்தான் கருகின கொயிலில் பொறுத்துக்கொண்டு இழுக்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எந்த மாதிரிக் கருகல்?

ஒவ்வொரு கெட்ட சுவையும் கருகல் இல்லை. நாக்கை நம்பலாம், கொஞ்சம் கவனித்தால் பிரித்துப் பார்க்க முடியும்.

கடதாசி எரித்த மாதிரி, தொண்டையைக் கீறிக்கொண்டு சட்டென்று வந்தால் பஞ்சு வரண்டிருக்கிறது. இது ஒரே இழுப்பில் வரும். நாள் போகப் போக மெதுவாக வருகிற, சீனிப்பாகு முறுகின மாதிரி இனிப்பும் கசப்புமான சுவை வேறு. அது கம்பியில் இனிப்புப் படிந்து கரியாகிவிட்டதன் அடையாளம், அதாவது கொயில் வயதாகிவிட்டது. மிளகு மாதிரித் தொண்டையில் உறைத்தால் கொயிலைச் சந்தேகிக்க வேண்டாம், ஜூஸைப் பாருங்கள். வெயிலிலும் காற்றிலும் பட்ட நிக்கோட்டின் பழுதாகி அப்படி உறைக்கும், நிறமும் கபிலமாக மாறும். சுவையே இல்லாமல் ஈரமாக, களகளவென்ற சத்தத்தோடு வந்தால் அது நேரெதிர்: கொயிலுக்குள் ஜூஸ் கூடிவிட்டது.

தேடும் ஒழுங்கு

சரி, கடதாசிக் கருகல் என்று வைத்துக்கொள்வோம். செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள்.

டாங்கில் ஜூஸ் எவ்வளவு இருக்கிறது? பிரித்தானியாவிலிருந்து வருகிற டாங்குகள் அங்குள்ள விதிப்படி 2 மில்லிலீற்றருக்கு மேல் கொள்ளாது. இது நிறையப் பேருக்குத் தெரியாது, காலையில் நிரப்பினால் இரவுவரை போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். கொயிலின் பக்கவாட்டில் இருக்கிற துளைகளுக்குக் கீழே ஜூஸ் இறங்கிவிட்டால் பஞ்சுக்கு ஒன்றும் போகாது. கால்வாசி மிஞ்சும்போதே நிரப்பிவிடுங்கள்.

ஜூஸ் நிறைய இருந்தும் கருகுகிறதா? கருவியைக் கவிழ்த்து நிமிர்த்திப் பாருங்கள். துளையை ஒரு காற்றுக்குமிழ் அடைத்துக்கொண்டிருக்கும். விரல் நுனியால் மெதுவாகத் தட்டினால் குமிழ் மேலே போய்விடும். ஐந்து நிமிடம் விட்டுவிட்டுப் பிறகு இழுங்கள்.

அடுத்து, எவ்வளவு அடிக்கடி இழுக்கிறீர்கள்? சிகரெட்டிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் விடுகிற பிழை இது, நானும் விட்டேன். சிகரெட் பற்றவைத்தால் அணைவதற்குள் முடிக்க வேண்டும் என்று கை பழகிவிட்டது. வேப் அப்படி இல்லை. ஒரு இழுப்பில் பஞ்சு இழந்த ஜூஸ் திரும்பி ஊறி வர நேரம் வேண்டும், தடிப்பான ஜூஸ் என்றால் இன்னும் கூட. இரண்டு இழுப்புக்கு நடுவில் அரை நிமிடம் விடுங்கள். என் முதல் கொயில் கருகினது இதனால்தான்.

அப்புறம் வாட், அதாவது கொயிலுக்குப் போகிற மின்வலு. கொயிலின் உடம்பிலேயே பொடி எழுத்தில் இரண்டு விஷயம் இருக்கும்: ஓம் கணக்கு (கொயிலின் மின்தடை), எத்தனை வாட்டிலிருந்து எத்தனை வாட்வரை என்பது. கண்ணாடி போட்டாவது அதை வாசியுங்கள். 12 முதல் 16 வாட் என்றிருக்கிற கொயிலை 25இல் விட்டால் எந்தப் பஞ்சும் தாங்காது. வாட் மாற்ற வசதியே இல்லாத சின்னக் கருவிகளில் ஓம் கணக்குத்தான் சூட்டைத் தீர்மானிக்கும். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் பிரித்தால் வாட் வரும். 3.7 வோல்ட்டில் 1.2 ஓம் கொயிலுக்கு ஏறக்குறைய 11 வாட். அதே வோல்ட்டில் 0.6 ஓம் போட்டால் 23 வாட்டுக்குக் கிட்ட. ஓம் பாதியானால் சூடு இரட்டிப்பாகிறது. "இதுவும் அதே கம்பனிதானே" என்று கிடைத்த கொயிலைப் போட்டுவிட்டு, பழைய வாட்டிலேயே இழுத்துக் கருகவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஜூஸும் கொயிலும் பொருந்த வேண்டும். 1 ஓமும் அதற்கு மேலும் உள்ள கொயில்களின் துளை சின்னது. அதற்குப் பீஜீயும் வீஜீயும் பாதிக்குப் பாதி இருக்கிற ஜூஸ்தான் ஓடும். 70, 80 சதவீதம் வீஜீ உள்ளதை அதில் ஊற்றினால், தேனை ஊசித் துளையால் ஊற்றுகிற மாதிரி. மாறாக, மெல்லிய ஜூஸைப் பெரிய துளைக் கொயிலில் விட்டால் கீழால் வடியும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கருகல் போகாவிட்டால் கொயிலைக் கழற்றுங்கள். வெளிச்சத்தில் பிடித்து, பக்கத் துளையால் பஞ்சைப் பாருங்கள். நல்ல பஞ்சு ஜூஸில் ஊறி, நனைந்த வெள்ளைத் துணி மாதிரி மினுங்கும். பாவித்த பஞ்சு தேத்தண்ணி நிறம். துளைக்குள் நடுவில், கம்பி தொடுகிற இடத்தில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் முடிந்தது. அந்தக் கோடு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சுவை முழுக்க அதிலிருந்துதான் வரும். கழுவினால் போகுமா என்று கேட்பார்கள். கம்பியில் ஒட்டின இனிப்பு கொஞ்சம் போகலாம். கருகின பஞ்சு திரும்ப வெள்ளையாகாது. மாற்றிவிடுங்கள்.

புதுக் கொயில் போடும் முறை

என் கணக்கில் முக்கால்வாசிக் கொயில்கள் போட்ட முதல் பத்து நிமிடத்தில்தான் சாகின்றன. பக்கற்றை உடைத்து, போட்டு, நிரப்பி, உடனே இழுத்துவிடுவார்கள். புதுப் பஞ்சு எலும்பு மாதிரிக் காய்ந்திருக்கும். முதல் இழுப்பிலேயே கருகும், அந்தச் சுவை பிறகு எந்த ஜூஸ் ஊற்றினாலும் மறையாது.

ஆறுதலாகச் செய்யுங்கள். கொயிலைக் கையில் எடுத்து, பக்கத்தில் பஞ்சு தெரிகிற ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு ஜூஸ் விடுங்கள். முதல் சொட்டு துளையின் மேலே முத்து மாதிரி நிற்கும், உடனே இறங்காது. காத்திருந்தால் மெல்லச் சுருங்கி உள்ளே போகும், மங்கலாக இருந்த பஞ்சு அந்த இடத்தில் மினுங்கத் தொடங்கும். அதைக் கண்ட பிறகு அடுத்த சொட்டு. மேல்வாயாலும் ஒன்றோ இரண்டோ சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். நடுவில் உள்ள காற்றுக்குழாய் நிரம்பிவிடும்.

பிறகு கொயிலை அதன் இடத்தில் இறுகப் பொருத்தி, டாங்கை நிரப்பி, கருவியை நிமிர்த்தி வையுங்கள். பத்து நிமிடம். வீஜீ கூடின ஜூஸ் என்றால் இருபது. ஒரு பிளேன்ரீ போட்டுக் குடித்து முடிக்கிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொயில் பொட்டோடு ஒட்டியே வருகிற வகை என்றால் சொட்டு விட வழியில்லை, நிரப்பிவிட்டு இந்தக் காத்திருப்பை மட்டும் கூட்டுங்கள்.

பட்டன் உள்ள கருவி என்றால், அதை அழுத்தாமல் மூன்று தரம் மெதுவாக உறிஞ்சுங்கள், ஜூஸ் பஞ்சுக்குள் இழுபடும். கடைசியாக, கொயிலில் போட்டிருக்கிற மிகக் குறைந்த வாட்டில் ஐந்தாறு குட்டை இழுப்பு. சுவை சுத்தமாக இருந்தால் இரண்டு இரண்டு வாட்டாக ஏற்றி, உங்களுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்துங்கள்.

கச்சான் காற்றும் கொயிலும்

வெளியூர் ஆட்களுக்கு வருகிற குழப்பம் ஒன்று இருக்கிறது. லண்டனில் ஒழுங்காக ஓடின கருவி திருகோணமலைக்கு வந்ததும் ஒழுகுகிறது என்பார்கள். கருவியில் பிழை இல்லை. மே மாதத்திலிருந்து ஓகஸ்ட் வரை மேற்கிலிருந்து கச்சான் அடிக்கிற நாட்களில் பகலில் வெளியே நிற்க முடியாத சூடு. அந்தச் சூட்டில் ஜூஸ் இளகித் தண்ணியாகிவிடும். அங்கே கொயிலுக்குள் அளவாகப் போன அதே ஜூஸ் இங்கே பெருகி உள்ளே போய்க் கீழே வடிகிறது.

போன வருடம் மருமகன் ஒருவன், இருபத்தாறு வயது, டச்சுபே கடற்கரைக் கட்டின் மேல் கருவியை வெயிலில் வைத்துவிட்டுக் கடலில் இறங்கிவிட்டான். வந்து எடுத்தபோது கீழ்ப்பக்கமெல்லாம் பிசுபிசு. இழுத்தால் களகளவென்று சத்தம், வாய்க்குள் ஜூஸ் தெறிக்கிறது. "மாமா, கொயில் போயிட்டுது" என்றான். போகவில்லை. பொட்டைக் கழற்றி, வாய் வைக்கிற பக்கத்தைக் கீழே பிடித்து, ரிஷூவைச் சுற்றி இரண்டு உதறு உதறினோம். ரிஷூவில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு வட்டம் பரவியது. ரிஷூவைத் திரி மாதிரி முறுக்கிக் காற்றுக்குழாய்க்குள் விட்டு மிச்சத்தை ஒற்றி எடுத்து, கீழே உள்ள தொடுபுள்ளிகளைத் துடைத்து, கால்மணித்தியாலம் நிழலில் விட்டோம். பழையபடி ஓடியது.

உச்சி வெயிலில் நிறுத்தின வான், ஓட்டோ, மோட்டார்சைக்கிள் பெட்டி இவற்றுக்குள் கருவியை விட வேண்டாம். ஒழுகுவது ஒரு பக்கம். பற்றரிக்கு அந்தச் சூடு நல்லதே இல்லை. மாரியில், டிசம்பர் மழைக் குளிரில், இதே ஜூஸ் கொஞ்சம் தடித்துவிடும். அப்போது வாட்டை இரண்டு குறைத்து, இழுப்புகளுக்கு நடுவில் இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டால் போதும்.

கொயில் சீக்கிரம் சாகிறது என்றால்

சாதாரணமாக ஒரு கொயில் ஒன்றிலிருந்து இரண்டு கிழமை. நாலு நாளில் கறுத்தால் ஜூஸில் இனிப்பு கூட. சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்புப் போட்ட கேக், கஸ்டர்ட், மாம்பழ வகைகள் கம்பியில் தார் மாதிரிப் பிடிக்கும். நிறமில்லாத, இனிப்புக் குறைந்த ஜூஸுக்கு மாறினாலே கொயிலின் ஆயுள் கூடுவது கண்ணுக்குத் தெரியும்.

ஜூஸ் முடிந்து, வேறு கிடைக்காமல், குசினியில் இருக்கிற கேக் எசன்ஸையோ எண்ணெயையோ கலந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சாப்பிடப் பாதுகாப்பானது மூச்சில் போகப் பாதுகாப்பானது இல்லை. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா மாதிரியான நோய் வரும். 2019இல் அமெரிக்காவில் வேப் பாவித்த பலர் நுரையீரல் பழுதாகி இறந்தபோது, அதோடு வலுவாகத் தொடர்புபட்டதாகக் கண்டுபிடிக்கப்பட்டது விற்றமின் ஈ அசிற்றேற் என்ற எண்ணெய்த் தன்மையான பொருள்தான். ஜூஸ் இல்லாவிட்டால் அன்றைக்கு இழுக்காமல் இருங்கள்.

திரையில் வருகிற எச்சரிக்கை

கொயில் இல்லை, கொயிலைப் பார், ஷோர்ட் (மின்சாரம் குறுக்கு வழியில் பாய்வது) என்கிற மாதிரிக் கருவி ஆங்கிலத்தில் காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும் தொடுபுள்ளி அழுக்கு. எங்கள் ஊரில் கடற்காற்று படாத வீடு குறைவு. உப்பும் ஒழுகின ஜூஸும் சேர்ந்தால் அந்தச் சின்ன உலோகப் புள்ளிகள் மங்கிவிடும். பொட்டைக் கழற்றி இரண்டு பக்கத்தையும் உலர்ந்த ரிஷூவால் துடையுங்கள். பிடிவாதமான அழுக்கு என்றால் காது துடைக்கிற பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் அல்ககோல். நன்றாகக் காய்ந்த பிறகு பூட்டுங்கள். திருகுகிற வகை டாங்கில் கொயில் தளர்ந்திருந்தாலும் இதே எச்சரிக்கை வரும். கையால் இறுக்கினால் போதும், குறடு வேண்டாம்.

துடைத்து, இறுக்கி, வேறு கொயிலும் போட்டுப் பார்த்த பிறகும் ஷோர்ட் என்றே காட்டினால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள். கழற்றித் திருத்தப் போக வேண்டாம்.

கழற்றுகிற 18650 பற்றரி (18 மில்லிமீற்றர் அகலம், 65 நீளம்) உள்ள கருவி என்றால் பற்றரியின் மேலுறையைப் பாருங்கள். உறை ஒரு இடத்தில் கிழிந்திருந்தாலும் உலோகத்தில் பட்டு ஷோர்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடும். சாவிக்கொத்தும் சில்லறையும் இருக்கிற பொக்கற்றில் தனிப் பற்றரியைப் போடவே கூடாது, ஒரு பிளாஸ்ரிக் டப்பா போதும். திரும்பிப் போகும்போது விமானத்தில் கருவியும் பற்றரியும் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டிக்குள் அல்ல.

கழற்றின கொயிலை வீட்டில் எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். பஞ்சில் நிக்கோட்டின் ஊறித்தான் இருக்கும். என் வீட்டில் மூடி இறுகின ஒரு பழைய ஜாம் போத்தலில் போட்டு அலுமாரி மேல்தட்டில் வைத்து, நிரம்பியதும் மூடியோடே எறிகிறேன். ஜூஸ் போத்தலும் அதே தட்டில்தான். கையில் சிந்தினால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சின்னப்பிள்ளை ஒன்று அதை வாயில் வைத்துவிட்டது என்று சந்தேகம் வந்தால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், போத்தலையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். போத்தலில் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருப்பதைத்தான் டொக்டர் முதலில் கேட்பார்.